ஜன்னலாகக் கருதப்படும் படம்

பொதுக் கட்டடப் பராமரிப்புத் துறையின் ஊழியர் குடியிருப்பில் யாரும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. குடியிருப்பு விதிகளில் இது பதினான்காவது. முதல் பதின்மூன்று விதிகளை யாரும் படித்ததில்லை. பதினான்காவது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். ஏனென்றால் அதை ஒரு தகரப் பலகையில் எழுதி, வீட்டுக்கு வீடு கூடத்துச் சுவரில், மூலைக்கு ஒன்றாக நாலு ஆணி வைத்து அடித்திருந்தார்கள்.

நம் தலைமை எழுத்தருக்கு இந்த விதியின் மேல் ஒரு மனக்குறையும் கிடையாது. விதி என்றாலே அவருக்கு ஒரு வாஞ்சை. துறையில் அவர் கவனித்து வந்தது துணிப் பொருள் பிரிவு. குடியிருப்பில் யாருக்குத் திரைச்சீலை வேண்டுமென்றாலும், மேசை விரிப்பு வேண்டுமென்றாலும், தூசி தட்டும் துணியே வேண்டுமென்றாலும் விண்ணப்பம் அவர் மேசைக்குத்தான் வரும். வந்த வேகத்தில், ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வியோடு திரும்பிப் போகும். இதனால் அலுவலகத்தில் அவருக்குத் ‘திருப்பி’ என்று பெயர். கடைசியாக ஒரு திரைச்சீலை கிடங்கை விட்டு வெளியே போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

அவரைக் குறை சொல்லக் கூடாது. மனுஷன் நேர்மையானவர். விண்ணப்பித்தது யாரென்று தெரிந்தால் தாட்சண்யம் வந்துவிடுமே என்று, பெயரும் வீட்டு எண்ணும் இருக்கும் இடத்தில் காகிதம் ஒட்டி மறைக்கச் சொல்லி, வெறும் விண்ணப்ப எண்ணோடு மட்டும்தான் எதையும் பார்ப்பார். உதாரணமாக விண்ணப்பம் 41. ‘திரைச்சீலையில் ஓட்டை விழுந்துவிட்டது, மாற்றித் தரவும்’ என்று யாரோ கேட்டிருந்தார்கள். ‘ஓட்டை உட்பக்கமா, வெளிப்பக்கமா?’ என்று எழுதித் திருப்பினார். ஏழு மாதம் கழித்து ‘இரண்டு பக்கமும்’ என்று பதில் வந்தது. ‘வடிவம்?’ என்று திருப்பினார். ‘இஸ்திரிப் பெட்டியின் வடிவம்’ என்று வந்தது. இஸ்திரிப் பெட்டி என்று ஒரு வடிவம் துறையின் பட்டியலில் இல்லை. ஆனாலும் பெருந்தன்மையாக அதை விட்டுவிட்டு, ‘ஓட்டை வழியே தெரிவது என்ன?’ என்று மட்டும் கேட்டு மூன்றாம் முறையாகத் திருப்பியிருந்தார். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு சுகம் இருந்தது. அது அவர் வீட்டுக் கூடத்து ஜன்னல். நல்ல அகலமான ஜன்னல். அதன் கீழே ஒரு பிரம்பு நாற்காலி. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தால், தெருக் கோடியிலிருந்து புறப்படும் காற்று நேராக அவர் நெஞ்சில் வந்து இறங்கும். இந்த இரண்டாம் வகுப்பு வீட்டுக்காகப் பதினொரு வருஷம் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார். அதுவரை ஒரு சந்துக்குள் இருட்டு அறையில் குடித்தனம். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷமும் இந்தக் காற்றில் உட்கார்ந்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் இயக்குநரின் மனைவி குடியிருப்புப் பெண்களையெல்லாம் ஒரு நாள் தேநீருக்குக் கூப்பிட்டார். தலைமை எழுத்தரின் மனைவி போய்விட்டு வந்து, செருப்பைக்கூட நேராக விடாமல் உள்ளே வந்தாள்.

“ஏங்க, நம்ம வீட்டுல என்ன குறைன்னு தெரியுமா?”

“என்னைத் தவிர வேற எதுவும் இல்லையே.”

“விளையாடாதீங்க. இயக்குநர் வீட்டு ஹால்ல ஜன்னலுக்குத் திரை போட்டிருக்காங்க.”

“நம்ம வீட்டுலயும்தான் போட்டிருக்கு.”

“முழுசாக் கேளுங்க. திரைக்கு முன்னாடி படம் தொங்குது. கடல்ல படகு போற மாதிரி, இத்தாம் பெரிய படம்.”

“சுவரை விட்டுட்டு அங்க எதுக்கு?”

“அதான் யாருக்கும் புரியல. கேட்டா நம்மளை மட்டமா நினைப்பாங்களேன்னு யாரும் கேக்கவும் இல்ல. ‘ரொம்ப அழகா இருக்கும்மா’ன்னு நான்தான் முதல்ல சொன்னேன். அப்புறம் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க.”

“அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“முகம் ஒரு மாதிரி சிவந்துபோச்சு. ‘ஏதோ இப்போதைக்கு’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. பெரிய மனுஷங்களுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க.”

பத்தே நாளில் குடியிருப்பின் இருபத்துநாலு வீடுகளில் இருபத்துமூன்றில் திரைக்கு முன்னால் படம் தொங்கியது. எட்டாம் நம்பர் வீட்டுக்காரியிடம் மாட்டுவதற்குப் படமே இல்லை. பூனை படம் போட்ட ஒரு பழைய நாட்காட்டியின் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். மாட்டிய கையோடு நம் தலைமை எழுத்தரின் மனைவியைக் குழாயடியில் பார்த்து, “உங்க ஜன்னல் என்னங்க வெறிச்சோடிக் கிடக்கு? வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தாள். அன்றைக்கு வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை. மறுநாள் சாம்பாரே இல்லை. மூன்றாம் நாள் தலைமை எழுத்தர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

மனைவியின் தம்பி ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தான். துணி கிழிக்கிற வேலைதான். ஆனால் தன்னை ‘உள்ளலங்கார ஆலோசகர்’ என்று சொல்லிக்கொள்வான். தோளில் ஒரு பெரிய படத்தோடு வந்து சேர்ந்தான்.

“மாமா, சுவர்ல படம் மாட்டுறதெல்லாம் போன தலைமுறை.”

“ஏன்டா மாப்ளே, சுவர் என்ன பாவம் பண்ணிச்சு?”

“சுவர்ங்கறது ஒரு முடிவு மாமா. திரைங்கறது ஒரு ஆரம்பம். முடிவு மேல படத்தை மாட்டினா பாக்கறவன் மனசு அங்கேயே முடிஞ்சுபோயிடும்.”

“ஆரம்பத்து மேல மாட்டினா?”

“ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. அதுக்குப் பேர்தான் அமைதி.”

படத்தைப் பிரித்தான். அதில் ஒரு திறந்த ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பச்சை வெளி, ஓரத்தில் பெரிய சூரியன், காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்த மரங்கள்.

“ஜன்னலுக்கு முன்னாடி ஜன்னல் படமா?” என்றார் தலைமை எழுத்தர்.

“அக்கா, மாமாவுக்கு ரசனை இருக்கு. சட்டுனு பிடிச்சுட்டாரு பாரு” என்றான் மச்சினன்.

திரை தொங்கும் கம்பியிலேயே இரண்டு சங்கிலி போட்டு மாட்டினான். சட்டத்தின் கனத்தில் திரை அப்படியே அமுங்கிப்போய் இந்தப் பக்கமும் நகரவில்லை, அந்தப் பக்கமும் நகரவில்லை. ஜன்னல் கதவுகளோ உள்பக்கம் திறப்பவை. இனி அவை திறக்க வழியில்லை. கூடத்தில் பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. தலைமை எழுத்தர் வழக்கம்போல் சாயங்காலம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். படத்தில் மரங்களெல்லாம் காற்றில் சாய்ந்திருந்தன. இவர் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாக இறங்கியது. கோபம் வந்தது. ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. ஆணி அடிக்கவில்லை, பதினான்காம் விதி மீறப்படவில்லை என்ற ஒரு நினைப்பில் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் வருடாந்திரப் பார்வைக்குக் குடியிருப்பு மேற்பார்வையாளர் வந்தார். கையில் அளவு நாடாவும் ஆறு பக்கப் படிவமும் வைத்திருப்பார். யாரோடு பேசினாலும் படிவத்தின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

“சுவரில் ஆணி?”

“ஒண்ணு கூட இல்ல சார்” என்றார் தலைமை எழுத்தர் பெருமையோடு.

“பலகையில நாலு இருக்கே.”

“அது நீங்க அடிச்சது.”

“சரி. கூடத்தில் ஜன்னல்?”

“இதோ இருக்கே.”

மேற்பார்வையாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். “இது படம்.”

“படத்துக்குப் பின்னாடி திரை இருக்கு. திரைக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கு.”

“சார், நான் கண்ணால பாக்கறதைத்தான் எழுத முடியும். எதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எழுத ஆரம்பிச்சா எங்க போய் நிக்கிறது? ஜன்னலுக்குப் பின்னாடி தெரு இருக்கு. அதையும் எழுதவா?”

எழுதினார். ‘கூடத்தில் ஜன்னல் இல்லை.’ பிறகு படிவத்தின் நாலாம் பக்கத்தைப் புரட்டி, விதியை நிதானமாகப் படித்துக் காட்டினார். வெளிச்சமும் காற்றும் வரும் திறப்பு இல்லாத அறை, அறையாகாது, சாமான் அறையாகும். கூடம் சாமான் அறையானால் வீடு மூன்றாம் வகுப்பு வீடாகும். தலைமை எழுத்தர் பதவியில் உள்ளவர் மூன்றாம் வகுப்பு வீட்டில் குடியிருப்பது அந்தப் பதவியின் கண்ணியத்துக்கு இழுக்காகும். எனவே அவருடைய கண்ணியத்தைக் காக்கும் பொருட்டு, முப்பது நாளில் அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

“காலி பண்ணிட்டு எங்க சார் போறது?”

“இரண்டாம் வகுப்பு வீட்டுக்கு எழுதிக் குடுங்க. பட்டியல்ல சேத்துக்குவாங்க. இப்ப பத்து பதினொரு வருஷம் ஆகுது.”

“எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸே இருக்கு.”

“அதுக்குப் படிவத்துல இடமில்ல.”

தலைமை எழுத்தருக்கு மறுபடி அந்தச் சந்து, அந்த இருட்டு அறை. “இருங்க சார், இப்பவே படத்தைக் கழட்டிடறேன்” என்று எழுந்தார்.

“தொடாதீங்க” என்றார் மேற்பார்வையாளர். “படிவத்துல ஏறின பொருளை அசைச்சா சாட்சியத்தைக் கலைச்ச மாதிரி. கோப்பு முடியற வரைக்கும் அது அப்படியே தொங்கணும்.” சங்கிலியில் சிவப்பு நூல் கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டுப் போனார்.

மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

“என்னாலதானேங்க” என்றாள்.

தலைமை எழுத்தருக்கு ஆமாம் என்று சொல்ல மனசு வரவில்லை, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“அந்தப் படத்தை வேணும்னா நானே கழட்டிடறேன். ஜெயில்ல போட்டா என்னைப் போடட்டும்.”

“போட மாட்டாங்க. அதுக்கும் ஒரு படிவம் வேணும்” என்றார் அவர். சொல்லும்போதே அவருக்கு ஒன்று உறைத்தது. திரைக்கு முன்னால் படம் மாட்டிய வீடு இது மட்டுமில்லை. மேற்பார்வையாளர் வீடு வீடாகப் போனால், கடைசியில் இயக்குநர் வீட்டுக்கும் போயாக வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இயக்குநரின் அறைக்கு முன்னால் நின்றார். இயக்குநர் நல்ல மனிதர். தன் அறைக்குள் வரும் எந்தப் பிரச்சனையையும் வந்த வழியே அனுப்பிவிடுவார். அன்றைக்கு அது முடியவில்லை.

“என்னய்யா சொல்றீங்க, என் வீட்டு ஹாலும் சாமான் ரூமா?”

“விதிப்படி ஆமா சார். உங்க வீடு முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு ஆகும். உங்க பதவியோட கண்ணியம்...”

“தெரியும், தெரியும். பார்வை எப்போ?”

“புதன்கிழமை சார். அதுக்குள்ள நீங்க படத்தைக் கழட்டிட்டா, உங்க வரைக்கும் பிரச்சனை இல்ல.” மனசில்லாமல்தான் சொன்னார். உண்மையைச் சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியாது.

இயக்குநர் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். “அதைக் கழட்ட முடியாது.”

“ஏன் சார்?”

“அது வீட்டு விஷயம். வேற வழி சொல்லுங்க.”

தலைமை எழுத்தருக்கு முப்பத்தோரு வருஷ அனுபவம் கை கொடுத்தது. விதியில் என்ன இருக்கிறது? வெளிச்சமும் காற்றும் வரும் திறப்பு. தன் வீட்டுப் படத்தில் என்ன இருக்கிறது? சூரியன் இருக்கிறது. சாயும் மரங்கள் இருக்கின்றன.

“சார், உங்க வீட்டுப் படத்துல சூரியன் உண்டா?”

“கடலுக்கு மேல அஸ்தமனம்.”

“அப்ப வெளிச்சம் இருக்கு. படகுல பாய் கட்டியிருக்கா?”

“கட்டியிருக்கு.”

“பாய் தளர்ந்து தொங்குதா, உப்பியிருக்கா?”

“நல்லா உப்பியிருக்குய்யா.”

“அப்ப காத்தும் இருக்கு” என்றார் தலைமை எழுத்தர். “வெளிச்சமும் காத்தும் இருந்தா அது ஜன்னல்தானே சார்?”

இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். முப்பத்தோரு வருஷத்தில் இது முதல் தடவை. அன்று மத்தியானமே தலைமை எழுத்தர் சுற்றறிக்கையை எழுதிக் கொடுத்தார். இயக்குநர் கையெழுத்துப் போட்டு வெளியிட்டார். ‘ஊழியர் குடியிருப்புக் கூடங்களில் திரைக்கு முன்னால் தொங்கும் படம், அதில் வெளிச்சமும் காற்றும் இடம்பெற்றிருக்கும்பட்சத்தில், சகல நோக்கங்களுக்கும் ஜன்னலாகவே கருதப்படும். அவ்வாறு கருதப்பட்ட ஜன்னலை அகற்றுவது குற்றமாகும்.’ கடைசி வரியைத் தலைமை எழுத்தரே தன் இஷ்டத்துக்குச் சேர்த்தார். அது இல்லாமல் சுற்றறிக்கை மொட்டையாக இருந்ததாம்.

அன்று இரவு அவர் வீட்டில் பாயசம் வைத்தார்கள். குடியிருப்பே சுறுசுறுப்பாகிவிட்டது. படத்தில் சூரியன் இல்லாதவர்கள் மஞ்சள் சாயம் வாங்கி வந்து சூரியன் வரைந்தார்கள். எட்டாம் நம்பர் வீட்டுக்காரி பூனையின் தலைக்கு மேல் ஒரு சூரியனைப் போட்டாள். காற்றுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு பூனையின் மீசையை ஒரு பக்கமாகப் பறக்கும்படி திருத்தினாள். புதன்கிழமை வந்து பார்த்த மேற்பார்வையாளர், ‘மிதமான காற்று’ என்று குறித்துக்கொண்டு போனார்.

நம் தலைமை எழுத்தர் வீட்டுக்கு அவர் வெள்ளிக்கிழமைதான் வந்தார். அரக்கு முத்திரையை உடைத்தார். பழைய குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ‘கூடத்தில் ஜன்னல்: ஒன்று.’

“அப்பாடா” என்றாள் மனைவி.

மேற்பார்வையாளர் கிளம்பவில்லை. படத்தின் ஓரத்தில் விரலை விட்டுத் திரையை லேசாக விலக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தார். “இது என்ன?”

“ஜன்னல்” என்றாள் மனைவி.

“அது தெரியுது. ஜன்னல்தான் முன்னாடியே தொங்குதே. அப்ப இது இன்னொண்ணு.” ‘ஒன்று’ என்பதை அடித்து ‘இரண்டு’ என்று எழுதினார். “இரண்டாம் வகுப்பு வீட்டுக் கூடத்துக்கு ஒரு ஜன்னல்தான் அனுமதி சார். உங்ககிட்ட ஒண்ணு அதிகமா இருக்கு.”

தலைமை எழுத்தர் பிரம்பு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “போன வாரம் எதுக்குப் பின்னாடி இருக்கறதையும் எழுத மாட்டேன்னீங்களே.”

“போன வாரம் அது படம். படத்துக்குப் பின்னாடி பாக்க எனக்கு அதிகாரம் இல்ல. இப்ப அது ஜன்னல். ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறதுல என்ன தப்பு?”

“சரி, படத்தை எடுத்துடறேன்.”

“எப்படி எடுப்பீங்க? சுற்றறிக்கையில கடைசி வரி இருக்கே. யார் எழுதினதோ தெரியல, கை வைக்க இடமே இல்லாம எழுதியிருக்காரு. எங்க பிரிவுல எல்லாரும் பாராட்டறோம்.”

பாராட்டைக் கேட்டு ஒரு நொடி தலைமை எழுத்தரின் நெஞ்சு நிமிர்ந்தது.

“இயக்குநர் வீட்டுலயும் இதே கதைதானே?” என்று கடைசி நம்பிக்கையாகக் கேட்டார்.

“முதல் வகுப்புக் கூடத்துக்கு ரெண்டு ஜன்னல் அனுமதி. அவருக்குச் சரியா இருக்கு.”

திங்கட்கிழமை காலை இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். துறையின் சரித்திரத்தில் காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்த ஒரே வேலை அதுதான். திரைக் கம்பி ஜன்னல் சட்டத்தில் திருகியிருந்ததால் கம்பியைக் கழற்றினார்கள். ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்தார்கள். திரையை மடித்துக் கிடங்குக்கு எடுத்துப் போய்விட்டார்கள். செங்கல் வைத்து அடைத்தார்கள். பூசுவது வேறு பிரிவின் வேலை என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வாரக் கடைசிக்குள் முதல் வகுப்பு வீடு ஒன்றைத் தவிர மற்ற இருபத்துமூன்று வீட்டுக் கூடங்களும் அடைபட்டன. தெருவில் காற்று பாட்டுக்கு வந்து முட்டிவிட்டுப் போனது.

மச்சினன் வந்து பார்த்தான். பூசாத செங்கலைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

“மாமா, இதை மட்டும் பூசிடாதீங்க. செங்கல் அப்படியே தெரியறதுதான் இப்ப நாகரிகம். எங்க கடைக்கு வர்றவங்க இதுக்காக நல்ல சுவரைச் சுரண்டிக்கிட்டிருக்காங்க.”

“மாப்ளே, நீ கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே” என்றார் தலைமை எழுத்தர்.

படம் தரையில் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. அன்று மாலையே மேற்பார்வையாளர் வந்து அதையும் அளந்துவிட்டார். ஜன்னல் என்பது தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் கிடப்பது ஜன்னலாகாது. ஆகவே கூடத்தில் ஜன்னல் இல்லை. ஆகவே சாமான் அறை. ஆகவே மூன்றாம் வகுப்பு. முப்பது நாள் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

“சுவர்ல மாட்டிடறோம் சார்” என்றாள் மனைவி கெஞ்சலாக.

மேற்பார்வையாளர் தகரப் பலகையைக் காட்டினார். “அதோட, சுற்றறிக்கை திரைக்கு முன்னாடி தொங்கற படத்தைத்தான் சொல்லுது. திரை இருந்தாத்தானே திரைக்கு முன்னாடி? ஒரு கம்பியும் திரையும் கேட்டு விண்ணப்பம் போடுங்க. முப்பது நாளைக்குள்ள வந்துட்டா வீடு உங்களுது.”

“யார்கிட்ட சார் போடணும்?”

“துணிப் பொருள் பிரிவு.” படிவத்திலிருந்து தலையைத் தூக்கி அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “சார் பிரிவுதானே. உங்களுக்கென்னம்மா கவலை.”

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று இரவு அவளே பேனாவை எடுத்துக் கொடுத்து விண்ணப்பத்தை எழுத வைத்தாள். “நாளைக்குப் போன உடனே உங்க கையாலயே கையெழுத்துப் போட்டுடுங்க. முதல்ல அதுதான். மத்ததெல்லாம் அப்புறம்” என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் தலைமை எழுத்தரின் மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. மேலே இருந்தது 63. பெயரின் மேல் காகிதம் ஒட்டியிருந்தாலும் கையெழுத்து தன்னுடையது என்று தெரியாமலா போகும்? பேனாவை எடுத்தார். அப்போதுதான் கீழே இருந்த 41 கண்ணில் பட்டது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்திருந்தது. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது அவர் கொள்கை. அதை எடுத்துப் படித்தார்.

‘ஓட்டை வழியே தெரிவது என்ன என்று கேட்டிருந்தீர்கள். உள்ளேயிருந்து பார்த்தால், வாசலில் நிற்கும் அலுவலக வண்டியும் அதன் முன்னால் “இயக்குநர்” என்ற பலகையும் தெரிகின்றன. வெளியிலிருந்து பார்த்தால், இடுப்பில் துண்டோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கும் என் கணவர் தெரிகிறார். மூன்று வருடமாக நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போகிற வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். வேறு வழியில்லாமல் இப்போதைக்கு ஒரு படகுப் படத்தைக் கொண்டுவந்து ஓட்டைக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கிறேன்.’

தலைமை எழுத்தர் அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். ஒரு திரைச்சீலை. கிடங்கில் நாலு வருஷமாக அடுக்கடுக்காகத் தூங்கும் திரைகளில் ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் ‘கொடுக்கலாம்’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இயக்குநர் வீட்டில் படம் தொங்கியிருக்காது. இருபத்துமூன்று வீட்டுக்காரிகள் அதைப் பார்த்து மாட்டியிருக்க மாட்டார்கள். இந்த நேரம் தன் ஜன்னலில் காற்று வந்துகொண்டிருக்கும். அவருக்கு அழுகை வந்தது. அலுவலக நேரத்தில் அழுவதற்கு அனுமதி உண்டா என்று தெரியாததால் அடக்கிக்கொண்டார்.

கொடுத்துவிடலாம் என்று நிச்சயித்துவிட்டார். இரண்டையும் கொடுத்துவிடலாம். பேனாவை 41-ன் மேல் வைத்தார். வைத்ததும் சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. படம்தான் ஜன்னல் என்றால் அந்தத் திரை இப்போது ஜன்னலுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? ஜன்னலுக்குப் பின்னால் திரை போடுவதாக எந்த விதியும் இல்லை. தான் எழுதிய சுற்றறிக்கையைத் தானே மீறுவதா? கையை எடுக்கப் பார்த்தார். கை கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷமாகப் பழகிய கை. அது தன் பாட்டுக்குச் சிவப்பு மையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு, அடுத்ததாக 63-க்குப் போனது.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

“என்னங்க, திரை வந்துடுமா?”

“ஒரு சின்ன விளக்கம் கேட்டிருக்கு.”

“என்ன விளக்கம்?”

“ஜன்னல் இல்லாத சுவருக்குத் திரை எதுக்குன்னு.”

“யாருங்க கேட்டது? அங்க நீங்கதானே இருக்கீங்க?”

“நான்தான் கேட்டேன்.”

மனைவி, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். “சரி, கேட்டது கேட்டாச்சு. அதுக்குப் பதிலையும் நீங்களே எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே?”

“மத்தியானமே எழுதிக் குடுத்துட்டேன்.”

“அப்புறம் என்ன?”

தலைமை எழுத்தர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பிரம்பு நாற்காலியில் செங்கல்லைப் பார்த்து உட்கார்ந்தார்.

“படிச்சுப் பாத்தேன்” என்றார். “பதில் திருப்தியா இல்ல.”